படம் நிற்கிறது

தூரம் என்பது கடலால் வருவதல்ல, மோசமான மென்பொருளால் வருவது. இன்று மாலை நான்கு மணியோடு அதை ஒழித்துக்கட்டுவதாக அவன் ஒலிபெருக்கியில் அறிவித்தான்.

மாதா கோயில் மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை.

அவன் அம்மாவும் சேர்த்து நாற்பது பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். எதிர்ச்சுவரில் வெள்ளைத்துணி. இன்னும் சற்று நேரத்தில் அதில் அவர்களுடைய ஆண்கள் தெரிவார்கள். வளைகுடாவில் யாருடைய படகிலோ மீன் பிடிக்கப் போனவர்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை.

இது கட்டற்ற மென்பொருள் என்றான். யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். முகம் தெரியாத ஆட்கள் உலகம் முழுக்க இருந்து எழுதியது. நிற்காது. கல்லூரியில் கழித்துப்போட்ட இந்தக் கணினியில் ஏற்றினாலும் நிற்காது. கர்த்தர் வரும்வரை நிற்காது.

இதே விளக்கத்தைப் பதினான்கு மாதங்களுக்கு முன் போனில், வளைகுடாவில் இருக்கும் அப்பாவிடம் சொல்லியிருந்தான்.

அப்பா அங்கே அவனுக்கு ஒரு விசா ஏற்பாடு செய்திருந்தார். அவன் வேண்டாம் என்றான். பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். சொன்னான். இந்த மென்பொருளை எழுதுவதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டார். யாரும் தர மாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னான்.

அதன் பிறகு அப்பா அவனிடம் பேசவில்லை.

அம்மாவிடம் பேசுவார். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பார். அந்த எல்லாரில் தானும் உண்டா என்று அவனுக்குத் தெரியாது.

இன்று அவர் வருவாரா என்றும் தெரியாது.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே நாற்பது பேரும் முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து, இமைக்காமல் உட்கார்ந்தார்கள்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்த கூட்டம் போல இருக்கிறீர்கள் என்றான். இது போட்டோ அல்ல, ஓடுகிற படம். அசையலாம். அசையாமல் இருப்பது இதை எழுதியவர்களுக்கே அவமானம்.

முன்வரிசையில் இருந்த டெல்பின் அத்தை உதட்டை அசைக்காமல் அவனிடம் கேட்டாள்.

"மூச்சு விடலாமாடே மக்களே?"

அவன் மேலும் விளக்கினான். அவர்கள் மேலும் விறைத்தார்கள்.

நான்கு மணிக்குத் துணியில் வெளிச்சம் விழுந்தது. ஒரு சாப்பாட்டுக் கூடம். மூன்று வரிசை ஆண்கள். மூன்றாம் வரிசையின் ஓரத்தில் அப்பா.

வந்திருக்கிறார்.

அவன் கேமராவுக்கு நேர் முன்னால் மேசையருகே உட்கார்ந்தான். விசைப்பலகையை மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டான். வணக்கம் சொல்லித் தொடங்க வேண்டியது அவன்தான். சொல்லாமல் மூன்றாம் வரிசையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துணியில் ஆண்களும் அசையவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு.

துணியின் ஓரத்தில் எண்கள் ஓடின. ஆட்கள் ஓடவில்லை. இணைப்பு சரியாக இருக்கிறது என்று எல்லாம் பச்சை. ஒலியும் பச்சை. ஆனால் ஒரு இருமல்கூட வரவில்லை. மின்விசிறி இருந்தால் சுற்றுகிறதா என்று பார்க்கலாம். அங்கே ஏசி.

அப்பாவைப் பார்த்தான். அவர் நேராகப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

இதை வைத்துப் படம் நின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது?

பதினான்கு மாதங்களாக அவர் இப்படித்தானே இருக்கிறார்.

துணியின் மூலையில் எழுத்து வந்தது. ஜெனிஸ்டன். அவனோடு பள்ளியில் படித்தவன், அங்கே இதற்குப் பொறுப்பு. போனிலிருந்து அடித்திருந்தான்.

"எடே, உங்க படம் நின்னு போச்சு. ஒருத்தரும் அசையல்ல. லைன பாத்துட்டு வாறேன்."

துணியில் ஜெனிஸ்டன் எழுந்தான். படம் நின்றுவிட்டது, கொஞ்சம் இருங்கள் என்று ஆண்களிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது. வெளியே போனான்.

மூன்று வரிசையும் அவிழ்ந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் சட்டைக்குள் கைவிட்டு முதுகைச் சொறிந்தார். இருவர் டீக்குப் போனார்கள்.

ஓடுகிறது. ஒரு நொடிகூட நிற்கவில்லை.

வந்த சிரிப்பை விழுங்கினான். எல்லாம் ஓடுகிறது, எங்கள் ஆட்கள்தான் அசையவில்லை என்று மடியில் அடிக்கத் தொடங்கினான்.

அப்பா எழுந்தார்.

நாற்காலிகளுக்கு நடுவே வந்தார். இன்னும் வந்தார். துணி முழுக்க அவர் முகம் ஆனது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டு, நின்றுபோன மகனை அவசரமில்லாமல் பார்த்தார். நெற்றியை. தாடியை. கழுத்தெலும்பை.

பக்கத்தில் வந்து நின்ற யாரிடமோ சொன்னார்.

"பய மெலிஞ்சு போனாம் பாத்தியா."

அவன் விரல்கள் நின்றன.

அடித்த வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான்.

பின்னால் ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை. அம்மாவின் நாற்காலியும்.

அப்பாவின் கை உயர்ந்தது. கேமராவுக்குக் கீழே, அவன் முகம் தெரியும் அவர்களுடைய திரையின் பக்கம் போனது. அங்கேயே இருந்தது.

அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. கண் எரிந்தது. இமைக்கவில்லை.

மூலையில் மறுபடி ஜெனிஸ்டனின் எழுத்து.

"இப்ப சரியாயிட்டா?"

தோள் அசையாமல், ஒரு விரலால் பதில் அடித்தான். நாற்பது பேருக்கும் தெரிய, துணியில், அப்பாவின் காதருகே அது வந்து நின்றது.

"இல்லடே. நின்னுதான் கெடக்கு. சாஃப்ட்வேர் சரியில்ல. மெதுவா வா."