தண்ணீர்மேல் குடித்தனம்

"குளிக்க ஆளுக்கு எத்தனை சொம்பு?" என்று போனில் கேட்டாள் ஆனந்தவள்ளி.

"நாலும்மா. முதல்ல கடல்ல ஒரு முங்கு. அப்புறம் நல்ல தண்ணியில உடம்ப அலசிக்கணும்," என்றாள் மகள் ரஞ்சனி.

"நாலு சொம்பு போதுமா?"

"பழகிடும்."

ஸ்ரீரங்கத்தில் பிறந்து காவிரியில் முங்கி வளர்ந்த ரஞ்சனி, இப்போது இந்தோனேசியாவில் ஏதோ ஒரு சின்னத் தீவின் ஓரமாக, நங்கூரம் போட்ட பாய்மரப் படகின் மேல்தட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவளுக்கும் கணவன் ஆஸ்டினுக்கும் வீடு இதுதான். தீவு தீவாகப் போவார்கள். பிடித்தால் தங்குவார்கள், கொசு கடித்தால் கிளம்புவார்கள். நாலைந்து நாளாக நடுக்கடலில் இருந்ததால் போனில் சிக்னலே இல்லை. இன்று காலை அது வந்ததும் முதல் வேலையாக அம்மாவைக் கூப்பிட்டிருந்தாள்.

ரஞ்சனி வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டபோது ஆனந்தவள்ளி மூன்று மாதம் பேசவில்லை. இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுப் படகு வாங்கியபோது ஒரு வருடம் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். ஆனால் பேச்செல்லாம் ஒன்றுதான்: படகை விற்றுவிட்டு ஊருக்கு வந்து சேருங்கள்.

அதற்கும் வேளை வந்திருந்தது. கூடவே இன்னொரு படகில் சுற்றிவந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு இவர்கள் படகு பிடித்துப்போய்விட்டது. கொடுப்பதா இல்லையா என்று மதியத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள். கொடுக்க ரஞ்சனிக்கு மனசே இல்லை. ஆனால் அப்பா போன பிறகு அம்மா தனியாக இருப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு தடவை அம்மா வந்து பத்து நாள் படகில் தங்கிப் பார்த்தால் போதும், அதன் பிறகு மறுப்பு சொல்லமாட்டாள் என்று நம்பினாள். அம்மாவோ தரையை விட்டு ஒரு அடி நகரமாட்டேன் என்றிருந்தாள்.

"குடிக்கிற தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

"டாங்க்ல இருக்கு. மழை பெஞ்சா தார்ப்பாயக் கட்டிப் பிடிச்சு, கொதிக்க வச்சுக் குடிப்போம்."

"அடுப்பு பத்தலைன்னா?"

"அதுக்கு மாத்திரை இருக்கு, தண்ணியில போட்டாப் போதும். ஏம்மா, வீடியோல வாயேன்."

"சார்ஜ் கம்மியா இருக்கு. பேச்ச மாத்தாத. பாத்ரூமுக்கு எப்படி?"

ரஞ்சனி சொன்னாள். ஆனந்தவள்ளி அதை இன்னொரு தடவை விளக்கமாகச் சொல்லச் சொன்னாள்.

அம்மா இத்தனை அக்கறையாக எதையும் விசாரித்ததே இல்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு மொத்தமாகத் திட்டப்போகிறாள் என்று ரஞ்சனிக்குத் தோன்றியது. கீழே ஆஸ்டின் ரசம் வைத்துக்கொண்டிருந்தான். படகு சாயும்போது கூடவே ஆடும்படி அடுப்பைத் தொங்கவிட்டிருப்பதால் ரசம் சிந்தாது. ஆஸ்டின்தான் அங்கும் இங்கும் இடித்துக்கொள்வான்.

"யாரும்மா பக்கத்துல பேசறது?"

"எதிர்வீட்டு ஷரீபா. பக்கத்து வீட்டு அமிர்தசாமி சாரும் சம்சாரத்தோட வந்திருக்காரு. எல்லாரும் நம்ம மாடியிலதான் இருக்கோம்."

"காலங்காத்தால மாடியில என்ன கூட்டம்?"

"ஆடி மாசம். காத்து நல்லா வருது."

"ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனியா?"

"இந்த வருஷம் போகலை," என்று சுருக்கமாக முடித்துக்கொண்டாள் ஆனந்தவள்ளி. "படகு ஆடினா வயித்தப் பொரட்டுமா?"

"தூரத்துல ஒரே இடத்தப் பாத்துக்கிட்டிருந்தா பொரட்டாது. நீ ஒரு பத்து நாள் வந்து இரேன்மா, நாங்க பாத்துக்கறோம்."

"நானா? கல்லு மாதிரி வீடு இருக்கு, அத விட்டுட்டு நான் எதுக்கு அங்க வந்து ஆடணும்? தீவுலதான் குடியிருப்பேன்னா ஸ்ரீரங்கமும் தீவுதான், இங்க வந்து இரு. நாலு சொம்பு, அஞ்சு சொம்புன்னு எண்ணிக் குளிக்க வேணாம். தண்ணிக்கு இங்க என்ன குறைச்சல்?"

ரஞ்சனி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"நீ தண்ணிமேல கெடக்கறேன்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லடி," என்றாள் ஆனந்தவள்ளி. குரல் உடைந்துவிட்டது.

அம்மா திட்டினால் ரஞ்சனி தாங்குவாள். அழுதால் அவளுக்கு ஒன்றும் ஓடாது. மேலே ஏறி வந்த ஆஸ்டினைப் பார்த்தாள். ரசம் இருந்த டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு, உன் இஷ்டம் என்பதுபோல் அவன் தலையசைத்தான்.

"சரிம்மா. படகக் கொடுத்துடறோம். ஊருக்கே வந்துடறோம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன்மா."

ரஞ்சனிக்கு இப்போது நிஜமாகவே கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் என்று ஆஸ்டினிடம் சொல்லிக்கொண்டாள். அவன் கடலைப் பார்த்தபடி நின்றான்.

போனில் ஒரு ஆண்குரல், "அம்மா, போதும் வாங்க, அடுத்த தெருவுக்கும் போகணும்," என்று கெஞ்சுவது கேட்டது.

"இருங்க தம்பி, மககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்," என்றாள் ஆனந்தவள்ளி. "ரஞ்சனி, சட்டுனு சொல்லு. படகுல ஏறும்போதும் வலது காலத்தான் முதல்ல வைக்கணுமா? கொள்ளிடம் நம்ம மாடிப்படியில பாதி ஏறிடுச்சு, ஃபயர் சர்வீஸ் தம்பி படகப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரமா நிக்கிறாரு."