கால் சுற்று

பைபாஸைக் கடக்கும்போது அன்வரின் ஸ்கூட்டர் திணறி நின்றுவிட்டது, அதற்குள் லாரி வந்து மோதிவிட்டது என்றார்கள். ஏன் நின்றது என்பது மெக்கானிக் ஜெயசீலனுக்கு மட்டும் தெரியும். மைலேஜ் போதவில்லை என்று அன்வர் கேட்டதால், கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பி, பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டிக் கொடுத்தது அவர்தான்.

அன்வர் இறந்து நான்கு மாதம் கழித்து, ஒடுக்கெடுத்த அதே ஸ்கூட்டரோடு அவர் மனைவி பரீதா வந்தாள். இனி அவள்தான் வேலைக்குப் போக வேண்டும். ஜெயசீலன் திருகைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். எஞ்சின் சீராக ஓடியது.

“பெட்ரோல் நிறைய குடிக்குமாண்ணே?”

“கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்.”

“அவருக்கு வச்சுக் குடுத்த மாதிரியே வச்சுக் குடுங்க. நல்ல மைலேஜ்னு சொல்லிட்டே இருப்பாரு.”

ஜெயசீலன் திருப்புளியைக் கீழே வைத்தார். “அப்படி வச்சா, அவசரத்துக்கு ஆக்ஸிலேட்டர முறுக்குனா நின்னுரும்மா.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பரீதா வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“இத அவருகிட்ட சொன்னீங்களாண்ணே?”

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க ஜெயசீலனுக்குக் கை வரவில்லை.