ஏழு நாள் காவல்

மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. ரத்தத்தைச் சோதித்தார்கள். இருக்க வேண்டிய மருந்தில் கால்வாசிதான் இருந்தது.

பழி நேராகத் தாயின் தலையில் விழுந்தது.

ஐந்து வயது மகள். வலிப்பு வருமுன் ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பாள். "அம்மா, மேகம் உள்ள வருது" என்பாள். அப்புறம் கண் செருகிவிடும்.

வேளை தவறாமல் கொடுப்பதாகத் தாய் சொன்னாள். கணவன் நம்பவில்லை. சீரியல் சுவாரஸ்யத்தில் மறந்திருப்பாள் என்றாள் அவன் அக்கா.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். அங்கே ரத்தத்தில் மருந்து ஏறிவிட்டால் தாய் பொய்க்காரி. பிள்ளை அத்தை வீட்டுக்குப் போய்விடும். அப்படித்தான் பேச்சு.

வார்டு நர்ஸுக்குப் போலீஸம்மா என்று பெயர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. தாய் மருந்தை மூடியில் அளந்தால், வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பிள்ளை விழுங்கியதும் நாக்கைத் தூக்கச் சொல்வாள். மணி பார்த்து நோட்டில் எழுதுவாள்.

"நான் என்ன திருடியா?" தாய் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"காலி மூடியைக் காட்டும்மா." அவ்வளவுதான் பதில்.

பிள்ளைக்கு மட்டும் அவளைப் பிடித்திருந்தது. அந்த வெள்ளை உடுப்பும் ஒரு மேகம்தானாம். சாயங்கால வெயிலில் அது கட்டில்களுக்கு நடுவே மிதந்து போவதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

எட்டாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். அதே கால்வாசி.

டாக்டர் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது.

"இவ ஈரல் இந்த மருந்தை வந்த வேகத்துல கரைச்சுடுது. பிறவி வாகு. வளர்ற வயசும் சேர்ந்துக்கிச்சு. எடையை மட்டும் பார்த்து அளவு போட்டது என் தப்பு."

மருந்தை மாற்றினார். ஒரு மாதமாயிற்று. மேகம் ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டது.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே, டாக்டர்" என்றான் கணவன்.

"நீங்க நினைச்சதைத்தான் நானும் நினைச்சேன். நம்பினது ஒரே ஆள்."

நோட்டைத் தாயிடம் நீட்டினார். முதல் பக்கம். ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதி.

'தாய் தவறாமல் கொடுப்பதாகவே நம்புகிறேன். வேளைதோறும் நான் சாட்சி. அப்படியும் ஏறாவிட்டால் மரபணுச் சோதனைக்கு அனுப்பவும்.'

கீழே கையெழுத்து. போலீஸம்மாவுடையது.