குளிர்காற்றுக்கு ஊதிய சங்கு

'தடக்'கென்று ஏசி ஓடத் தொடங்குகிறது. அக்கா பதறி ரிமோட்டைத் தேடுகிறாள். "இருங்கம்மா, தம்பிக்குப் போட்ட ஊசி கேக்குதான்னு பார்க்கத்தானே ஏசியைப் போட்டேன்," என்கிறார் டாக்டர். கிருமி வந்தால் ஊத வேண்டிய அபாயச் சங்கு ஒன்று ரத்த அணுக்களுக்குள் உண்டு. இன்ஃப்ளமசோம் என்று பெயர். தம்பிக்கு அது குளிர்காற்றுக்கே ஊதி, காய்ச்சலும் தடிப்புமாய்ப் படுக்கையில் தள்ளிவிடும். "மழைன்னா ஸ்கூலுக்கு மட்டம் போடுறேன்னு வாருவியேக்கா," என்று சிரித்தபடி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கிறான். திரைச்சீலையில் கசியும் வெயில் மேசையிலிருந்து தரைக்கு இறங்குகிறது. தோல் சிவக்கவில்லை. திரும்பி வந்த டாக்டர் தடவிப் பார்த்துத் தலையசைக்கிறார். "இது பெரும்பாலும் பரம்பரை. அப்பா அம்மாவில யாருக்கு இருந்துச்சு?" அக்காவின் பார்வை ஓடும் ஏசியிலேயே நிற்கிறது. "ஃபேனை நமக்கு விட்டுட்டு அம்மா அடுப்படியில போய்ப் படுத்துக்குவாங்களே, அவங்களுக்கும் இதுதான்டா இருந்திருக்கு."