எதிர்வீட்டு ஜீப்

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த சவரியப்பனுக்கு ஒரே கவலை. எவ்வளவு தேடியும் வண்டியில் ஒரு குறையும் அகப்படவில்லை.

“துரு இருக்குதா பாருங்க,” என்றாள் பக்கத்தில் நின்றிருந்த அவன் மனைவி அருள்மேரி.

“இல்ல.”

“ஆயில் ஒழுகுதா?”

“ஒரு சொட்டுகூட இல்ல மேரி.”

“நல்லா பாருங்க. இந்த வெலைக்கு ஏதாவது ஒழுகித்தான் ஆகணும்.”

வண்டிக்குச் சொந்தக்காரரான அப்துல் சலாம் எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மாம்பழ மண்டி வைத்திருப்பவர். பேரம் பேசியே தலை நரைத்தவர். ஆனால் இந்த வண்டி விஷயத்தில் மட்டும் அவரிடம் பேரமும் இல்லை, பரபரப்பும் இல்லை. அதுதான் அருள்மேரியை உறுத்தியது.

ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகியதிலிருந்து அவள் தொழிலாளிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். மூட்டைகளைச் சவரியப்பன் டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவான். போன மாதம் மழையில் நனைந்த மூட்டையை ஒரு கம்பெனியில் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது தையல் மெஷினுக்கென்று அவள் சேர்த்த பணம் பெட்டியில் இருந்தது. மெஷினா, ஜீப்பா என்று ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு.

“வாங்கறது ஒரு நாள் செலவுதாங்க. வச்சிக் காப்பாத்தறதுலதான் எல்லாம் இருக்குது,” என்று புருஷனிடம் சொல்லிவிட்டு அவள் நேராக சலாமிடம் போனாள்.

“பாய், டயரு எப்ப மாத்தினது?”

“போன ரம்ஜானுக்கு. நாலும் புதுசு.”

“இன்சூரன்ஸ்?”

“தை மாசம் வரைக்கும் கட்டியிருக்குது தங்கச்சி.”

“அத்திபெலே தாண்டினா கர்நாடகாக்காரங்க டாக்ஸ் கேப்பாங்களே?”

“உன் கம்பெனி எல்லாம் இந்தப் பக்கந்தானே. நீ ஏன் தாண்டப் போற?”

“டீசல் எவ்வளவு குடிக்கும்?”

சலாம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “பொய் சொல்ல மாட்டேன். ஓட்டினா குடிக்கும். நிறுத்திட்டா குடிக்காது.”

பாகலூர் ரோட்டிலிருந்து மெக்கானிக்கையும் கூட்டி வந்தாயிற்று. அவன் பானெட்டைத் திறந்து மூடி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, “ஒள்ளே காடி” என்று கன்னடத்தில் நற்சான்று கொடுத்துவிட்டுப் போனான். நல்ல வண்டி என்று அவனும் சொன்ன பிறகு அருள்மேரிக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

“அப்புறம் ஏன் பாய் இவ்வளவு கம்மியா தர்றீங்க?”

சலாம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெங்களூர்க்காரன் ஒருத்தன் இதுக்கு மேலயே தர்றேன்னு வந்தான். நாந்தான் தரல. எத்தன வருசம் ஓட்டின வண்டி. அது கண்ணு காணாத ஊருக்குப் போறதுல எனக்கு மனசில்ல தங்கச்சி. நீங்க வாங்கினா எதுத்தாப்பல நிக்கும். காலையில எந்திரிச்சா பாத்துக்கலாம்.”

இப்படிப்பட்ட மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று அருள்மேரிக்கு வெட்கமாகிவிட்டது.

அன்று சோறு பரிமாறும்போது கடைசியாக ஒரு முறை கணக்குப் பார்த்தாள். பேட்டரி, பிரேக், வருஷ வரி, மழைக்குப் படுதா. எதையும் விடவில்லை.

“வாராவாரம் கழுவணும் மேரி,” என்றான் சவரியப்பன்.

“நீங்கதான கழுவப் போறீங்க. அது செலவுல சேராது.”

சனிக்கிழமை ஜீப் கை மாறியது. சலாம் சாவியைக் கொடுத்துவிட்டு பானெட்டை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். சவரியப்பன் வண்டியை எடுத்துத் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நிறுத்தினான். அவ்வளவுதான் பயணம். ஆனாலும் அருள்மேரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து வந்தாள்.

திங்கட்கிழமை சிப்காட்டில் சீருடை ஒப்படைக்கும் நாள். அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டாள். மூட்டையைப் பஸ்ஸில் திணிக்காமல், சொந்த வண்டியில் கொண்டுபோய்க் கம்பெனி கேட்டில் இறங்கப்போவதை நினைத்தாலே சிரிப்பு வந்தது. ஆளுக்கொரு மூட்டையுடன் இருவரும் வாசலுக்கு வந்தார்கள்.

ஜீப்பின் பின் சீட்டில் சலாமின் மனைவி முனவர் பேகம் ஜரிகைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள். காலடியில் ஒரு கூடை மாம்பழம், மடியில் அடுக்குக் கேரியர்.

“வா மேரி,” என்று பேகம் வாஞ்சையோடு நகர்ந்து இடம் விட்டார். “கிருஷ்ணகிரியில எங்க சம்பந்தி வீட்டு விசேஷம். உங்களுக்கும் சேத்துத்தான் சாப்பாடு கட்டியிருக்கேன்.”

அருள்மேரி மூட்டையை இடுப்பில் வைத்தபடியே நின்றாள். சவரியப்பன் முன்பக்கம் போனான். அங்கே சலாம் அத்தர் மணக்க உட்கார்ந்து, கண்ணாடியில் தாடியைச் சீவிக்கொண்டிருந்தார்.

“பாய்,” என்றான் தயங்கித் தயங்கி. “இன்னிக்கு சிப்காட்டுக்கு லோடு இருக்குதுங்க. அது பெங்களூர் ரோட்டுப் பக்கம்.”

“முன்னால அங்க போட்டுட்டு அப்புறம் கிருஷ்ணகிரி போலாம். நமக்குள்ள என்ன அவசரம்.”

சவரியப்பன் மனைவியைப் பார்த்தான். அவள் இடுப்பிலிருந்த மூட்டையை அவனிடம் நீட்டிவிட்டு, பேகம் விட்ட இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். மூட்டைகளைப் பின்னால் திணித்துவிட்டு, ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

சலாம் எட்டி மீட்டரைப் பார்த்தார்.

“போற வழியில டீசல் போட்டுக்கோ தம்பி, முள்ளு கீழ இருக்குது.”