குறுக்கே ஓடும் கீறல்

ஒரு தடவை தாங்குவது பெரிய காரியமில்லை, எதுவும் ஒரு தடவை தாங்கிவிடும் என்று ஹெப்சிபா நினைத்துக்கொண்டாள். அவளுடைய விரல்நகம் ராட்டினத்தின் பதினோராவது இரும்புக்கையில், வெல்டிங் வைத்த இடத்தின் மேல் மெல்ல நகர்ந்தது. பளபளவென்று தேய்த்திருந்தார்கள். ஆனால் நீளவாக்கில் தேய்க்காமல், அவசரத்தில் குறுக்கே தேய்த்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் நகம் தட்டித் தட்டி நின்றது. ஒவ்வொரு சுற்றிலும் இந்தக் கை இழுபடும், தளரும். இழுபடும் திசைக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்தான் என்றோ ஒரு நாள் வாய் திறக்கும்.

“கண்ணாடி மாதிரி மின்னுது. நீ என்னம்மா, பூனைக்குட்டியத் தடவுத மாதிரி தடவிக்கிட்டே இருக்க?” என்றார் பொழுதுபோக்குப் பூங்காவின் மேலாளர் சங்கரபாண்டியன். “நாளைக்குத் திறப்பு விழா. சோதிச்சாச்சுன்னு கையெழுத்தப் போடு.”

“நீளவாக்குல மறுபடியும் தேய்க்கணும் சார். பதினாறு கையும்.”

“மணல் மூட்டை ஏத்திச் சுத்திப் பாத்தாச்சுல்லா? ஒண்ணும் ஆகலியே! நாளைக்கு மொத ஆளா ஏறப்போறது எம் பேத்தி, தெரியும்லா?”

“அவளுக்கு ஒண்ணும் ஆகாது சார். மூணாவது வருஷம் ஏறப்போற பிள்ளையளுக்குத்தான் பாக்கேன்.”

அவர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

ஹெப்சிபா சாக்பீஸை எடுத்தாள். பதினோராவது கையில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, பன்னிரண்டாவதின் மேல் நகத்தை வைத்தாள்.