நேரில் போகத் தேவையில்லை

“பில்டர் மாசாமாசம் போட்டோ அனுப்பிண்டுதானே இருக்கான்? நேர்ல போய்ப் பார்க்க என்ன இருக்கு?” என்று போனில் மனைவி வத்சலாவிடம் எரிந்து விழுந்தார் ராமசுப்ரமணியன்.

டெல்லி துவாரகாவில் ‘நவமணி ஹைட்ஸ்’ என்ற குடியிருப்பில் அவர்கள் ஃப்ளாட் வாங்கியிருந்தார்கள். ஆறாவது மாடிக்குத் தளம் போட்டாகிவிட்டதாம். சமையலறைக்கு இலைப்பச்சை டைல்ஸ் பதித்துவிட்டு, தை மாதம் பால் காய்ச்சலாம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அவர் லோதி ரோடு அலுவலகம் ஒன்றில் இயக்குநர். வருடாவருடம் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, டெல்லியில் பசுமை கூடுகிறதா குறைகிறதா என்று சொல்வது அந்த அலுவலகத்தின் வேலை. குறைகிறது என்றே சொல்லிச் சொல்லி மேலிடத்தின் வெறுப்பைச் சம்பாதித்திருந்தார். இந்த முறை ஓர் இடமாவது பச்சையாகத் தேறாவிட்டால் பதவி உயர்வை மறந்துவிட வேண்டியதுதான்.

நல்லவேளையாக, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஸ்வப்னா ஓர் இடத்தைப் பிடித்துவிட்டாள். நகரமே காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் ஐந்து வருடமாகப் பச்சை ஏறிக்கொண்டே இருந்தது.

“மரமா, வெறும் புதரான்னு ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் சார்” என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வெயிலில் அலைந்து புதரை எட்டிப் பார்ப்பது விஞ்ஞானம் தெரியாதவர்கள் செய்வது என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். பிறகு அறிக்கையை அவரே சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். இடத்தைக் குறிக்க அட்சரேகை, தீர்க்கரேகை எண்களே போதும் என்றார்.

“கடைசியா இதையும் சேர்த்துக்கோ. இது தானா உருவான காடு. இனிமே இங்கே யாரும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.”

பச்சைக்காகத் தவம் கிடந்த மேலிடம் மறுநாளே அப்படியே உத்தரவு போட்டுவிட்டது. அரசாங்கத்தில் அந்த வேகத்தை யாரும் கண்டதில்லை.

அலுவலகத்தில் எல்லோருக்கும் பர்ஃபி கொடுத்தார். தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, வத்சலாவிடம் பெருமை அடித்துக்கொள்வதற்காக, காட்டுக்குப் பெயர் ஏதாவது உண்டா என்று ஸ்வப்னாவைக் கேட்டார்.

“மனை வரைபடத்துல பார்த்தேன் சார். துவாரகாவுல ‘நவமணி ஹைட்ஸ்’னு ஏதோ ஃப்ளாட் கட்டறதா இருந்த இடமாம். வேலி போட்டதோட சரி.”

அவர் போனை எடுத்து, பில்டர் அனுப்பியிருந்த ஆறாவது மாடி போட்டோவைப் பார்த்தார்.

“டிரைவரைக் கூப்பிடும்மா, ஜல்தி” என்றார் ராமசுப்ரமணியன். “நேர்ல போய்ப் பார்க்கணும்.”